மருந்தா, சீனியா?

என் ராத்தா ஹபீலாவோடு கடைத்தெருவுக்குப் போனால் லேசில் வீடு திரும்ப முடியாது. மீன்கடையில் நின்றால், அந்த மீன் எந்த ஆழத்தில் வாழும் என்று மீன்காரனிடம் சிங்களத்தில் விசாரிப்பாள். பஸ்ஸில் ஏறினால், டிக்கட் மெஷினுக்கு மை எங்கே ஊற்றுவது என்று கண்டக்டரைக் கேட்பாள். வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் நிலையத்தில், வாசலுக்கு நேரே இருக்கும் மேசையில் அவளுக்கு வேலை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் விட்டுவிட்டுப் போகும் உயிரியல் டியூட்டுகளை, அந்த அச்சடித்த பாடக்குறிப்புகளைப் பொறுக்கி வந்து, பாமன்கடை வீட்டில் சோறு வேகும்வரை வாசித்துக்கொண்டிருப்பாள்.

"ஒனக்கு இனி ஓ.எல். சோதனை எழுதவா ஈக்கிது?" என்று உம்மா ஏசுவார்.

"தெரிஞ்சி வச்சா என்ன குறையப் போகுது உம்மா?"

நான் ரிஸ்னா, அவளுடைய தங்கச்சி. அவளுக்கு நேர் எதிர். அவளுக்குக் கேள்வி என்றால் எனக்குச் சந்தேகம். யாராவது ஒன்றை இலவசம் என்றால் நான் முதலில் என் ஹேண்ட்பேக்கை இறுக்கிப் பிடிப்பேன்.

ராத்தாவுக்கு இளம் வயதிலிருந்தே ஒரு வீக்கம் வரும். ஒரு முறை கை, ஒரு முறை உதடு, ஒரு முறை வயிற்றுக்குள்ளே. சொல்லாமல் கொள்ளாமல் வந்து, ஓரிரு நாள் இருந்துவிட்டுத் தானாகப் போய்விடும். பூச்சி கடித்தது என்றார்கள். இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். உம்மா அதைக் கண்ணூறு என்று முடிவுகட்டி ஓதின தண்ணீர் கொண்டுவந்தார். அலர்ஜிக் குளிசைகளை விழுங்கித் தூங்கினதுதான் மிச்சம். கலியாணத்துக்கு முந்தி வயிறு வீங்கித் துடித்தபோது, அப்பெண்டிக்ஸ் என்று வெட்டியே எடுத்துவிட்டார்கள். வெட்டின பிறகு, அது நல்ல அப்பெண்டிக்ஸாம்! என்றால் காட்டுங்கள் பார்ப்போம் என்று கட்டிலில் கிடந்தபடி கேட்டவள் இவள்.

வாப்பாவுக்கும் இப்படி வரும். ஒரு நாள் அது தொண்டைக்குள் வந்தது. ஆஸ்பத்திரி வாசலோடு எல்லாம் முடிந்துபோயிற்று. மீன்முள் சிக்கிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொன்னோம். நாங்களும் அதைத்தான் நம்பினோம்.

உண்மையைச் சொன்னவர் டொக்டர் நிரோஷா. பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, கொழும்புக்கு வந்தவர். "இது அலர்ஜி இல்ல ஹபீலா. ஒடம்புல ஒரு புரதம் கொறைவு. பரம்பரையா வர்ற நோய். ஒங்க வாப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்கும்" என்றார். இலங்கை முழுக்க இதுவரை கண்டுபிடித்திருக்கிற நோயாளிகளை ஒரு வேனில் ஏற்றிவிடலாமாம். வேறு யாருமென்றால் அந்த இடத்திலேயே அழுதிருப்பார்கள். ராத்தா, "அந்தப் புரதத்துட பேர் என்ன டொக்டர்?" என்றாள்.

எங்கள் எல்லாருக்கும் இரத்தம் எடுத்தார்கள். எனக்கு அந்த நோய் இல்லை. ராத்தாவின் மகள் அர்பாவுக்கு இருந்தது. நெட்போல் ஆடிவிட்டு வந்த பிள்ளையின் கை பனிஸ் மாதிரி வீங்கியிருந்ததை, பந்து பட்டதென்று நினைத்து நாங்கள் ஐஸ் வைத்திருந்தோம். அன்றைக்குத்தான் ராத்தா அழுதாள். ஒரு கேள்வியும் கேட்காமல் அழுதாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் புதுக் குளிசை வந்தது. தினம் ஒன்று விழுங்கினால் வீக்கமே வராமல் தடுக்குமாம். ஆனால் இன்னும் பரிசோதனையில்தான் இருக்கிறதாம். வெளிநாட்டுக் கம்பனி. பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, மற்றப் பாதிப் பேருக்கு அதே நிறம், அதே வடிவத்தில் மருந்தே இல்லாத குளிசை. யாருக்கு எது என்று கொடுக்கிற டொக்டருக்குக்கூடத் தெரியாது. பெரியவர்களில் வேலை செய்கிறது என்று நிரூபித்தால்தான் பிள்ளைகளுக்குத் தொடங்குவார்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "வெள்ளக்காரன்ட எலியா போகப் போறீங்களா? மருந்தெண்டு சொல்லிச் சீனிய தருவானுகளாம், நீங்களும் வாயத் தொறந்து நிப்பீங்களாம்!"

"எலி கேள்வி கேக்காது. நான் கேப்பன்" என்றாள்.

சேர்ந்தாள். தினமும் குளிசையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், மணப்பாள், நாக்கு நுனியில் வைப்பாள். "கசக்குது ரிஸ்னா. சீனியெண்டா கசக்குமா?"

"கசப்பையும் போட்டுத்தான் செஞ்சிருப்பானுகள்."

ஆனால் வீக்கம் வரவில்லை. மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை, அதற்கடுத்த மாதமும் இல்லை. கலியாண வீடுகளுக்குப் போனாள். பல்லில் கைவைத்தால் வீங்கும் என்று பயந்துகொண்டிருந்தவள் பல் வைத்தியரிடம் போய் வந்தாள். வெளியில் நக்கலடித்தாலும், மருந்தாகவே இருக்கட்டும் யா அல்லாஹ் என்று நானும் தொழுகையில் கேட்கத் தொடங்கினேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

நோன்பு வந்தது. முதல் பத்து நாளுக்குள், ஒரு பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எழும்பியவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். குரல் கம்மியது. எச்சில் விழுங்க முடியவில்லை. அவள் புருஷன் ஷிஹான் மச்சான் த்ரீவீலை எடுத்தார். காலி வீதியில் நோன்பு திறக்க வீட்டுக்கு ஓடுகிற வாகனங்கள் எல்லாம் எங்களுக்குக் குறுக்கே நின்றன. நான் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்திலும் தமிழிலும் கத்திக்கொண்டே போனேன். வாப்பாவின் முகம்தான் என் கண்ணுக்குள் நின்றது. நல்லவேளை, ஆஸ்பத்திரியில் டொக்டர் நிரோஷா ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். போனதும் ஏற்ற வேண்டியதை ஏற்றினார்கள். பிழைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "பாத்தீங்களா? சீனிதான்! நான் அப்பவே சொன்னனா இல்லயா?"

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இவ்வளவு நாளும் வராதது ஏன் நோன்புல வருது? போன வருசமும் நோன்புலதான் மோசம். அதுக்கு முந்தின வருசமும்."

"வெறும் வயிறு. வேறென்ன?"

"அப்ப பெருநாளுக்குப் பொறகு பிடிக்கிற ஆறு நோன்புலயும் வரணுமே? ஹஜ்ஜுக்கு முந்தின நாள் அரபா நோன்புலயும் வரணுமே? அதுல எல்லாம் ஒருநாளும் வரல்லயே."

கட்டிலில் படுத்தபடி முகட்டைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழும்பிப் போய், ஃபிரிட்ஜ் மேலிருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்து வந்தாள்.

அது நோன்புக் குளிசை. எங்கள் பெண்களில் பலருக்கு இது பழக்கம். மாதத் தீட்டு வந்தால் நோன்பு விடுபடும், விட்டதைப் பிறகு தனியே கழாவாகப் பிடிக்க வேண்டும். அதனால் ரமழானுக்கு முந்தியே பாமசியில் வாங்கி விழுங்கித் தீட்டைத் தள்ளிப் போட்டுவிடுவார்கள். டொக்டர் சீட்டும் இல்லை, கேள்வியும் இல்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் புரட்டிப் பார்க்கிற ராத்தா, இந்த அட்டையை மட்டும் ஒருநாளும் புரட்டியதில்லை. நோன்புக்கு எடுக்கிறது அவளுக்கு மருந்துக் கணக்கிலேயே வரவில்லை.

இப்போது புரட்டினாள். அது வெறும் கர்ப்பத்தடைக் குளிசை. பரிசோதனையில் சேரும்போதே, அந்த வகைக் குளிசையில் இருக்கிற ஹோர்மோன் வீக்கத்தைக் கூட்டும், தொடவே கூடாது என்று டொக்டர் எச்சரித்திருந்தார்.

"டொக்டரிட்ட சொல்லோணும்" என்றாள்.

"பைத்தியமா ராத்தா? சொன்னா பரிசோதனைல இருந்து எடுத்துப் போட்டுடுவாங்க. மருந்தாவே இருந்தா அதுவும் போகும். பேசாம ஈங்க. இனி அந்தக் குளிசைய எடுக்காட்டிச் சரிதானே."

"நான் சொல்லாட்டி, மருந்து குடிச்சும் ஹபீலாக்கு வீங்கின எண்டு எழுதுவாங்க. ஒரு வேன் ஆக்கள்ல நான் ஒராள். அர்பாட மருந்துல நானே மண்ணள்ளிப் போடவா?"

"ஒங்களுக்குத் தந்தது சீனியெண்டா?"

"சீனியெண்டா, சீனி குடிச்சதாலதான் வீங்கின எண்டு எழுதி, மருந்துக்குப் பொய்யா நல்ல பேர் வரும். அதுவும் ஒரு நாளைக்கு அர்பாட வாய்க்குள்ளதானே போகும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. எப்படியாவது போங்க என்று கத்திவிட்டு அறைக்குள் போனேன். மறுநாள் அவளோடு கிளினிக்குக்குப் போனதும் நான்தான்.

டொக்டர் நிரோஷா கேட்டுவிட்டு நெற்றியில் கைவைத்தார். "ஹபீலா, நான் மொதல் நாளே கேட்டேனே?"

"கேட்டீங்க டொக்டர். குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கிறீங்களா எண்டு கேட்டீங்க. நான் இல்ல எண்டன். இத நான் அப்படி நினைக்கவே இல்ல. இது நோன்புக்கு."

டொக்டர் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார். "தப்பு என்மேலயும் இருக்கு. நோன்புக்கு ஏதாச்சும் எடுக்குறீங்களானு நான் கேட்டிருக்கணும்" என்றார். பிறகு வெளிநாட்டுக் கம்பனிக்கு அறிவித்தார். பதில் வந்தது, நான் பயந்த மாதிரியே. ஹபீலாவை நிறுத்திவிட்டார்கள். மிச்சக் குளிசைகளை எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.

ராத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்ப எனக்குத் தந்தது மருந்தா, சீனியா?"

"எனக்கே தெரியாதும்மா. ஆராய்ச்சி முடியட்டும், கட்டாயம் சொல்றேன்."

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு வீக்கங்கள் பழையபடி தொடங்கின. கை வீங்கிய நாட்களில் இடது கையால் டியூஷன் ரசீது எழுதினாள். உண்மை பேசினதுக்குக் கிடைச்ச பரிசு இதுதான் என்று நான் பொருமினேன். "தெரிஞ்சிக்கொள்ளாம செத்துப் போகக்கூடாது ரிஸ்னா, அவ்வளவுதான்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தொண்டையைத் தடவும்போதெல்லாம் த்ரீவீல் சாவி எங்கே என்று தேடினேன்.

டொக்டரின் அழைப்பு வந்தது அடுத்த வருடம், ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறைக் காலையில். அன்றைக்கு ராத்தாவின் இரண்டு உதடும் வீங்கிக் கிடந்தன. பேச்சு சரியாக வரவில்லை. நான்தான் போனை ஸ்பீக்கரில் போட்டு, அர்பா பாடம் எழுதிக்கொண்டிருந்த மேசையில் வைத்தேன்.

"மருந்துதான் ஹபீலா" என்றார் டொக்டர். "ஒங்களுக்கு வந்தது நெஜமான மருந்துதான். ஒருத்தர வச்சி ஒன்னும் சொல்ல முடியாது. ஆனா மத்த நாட்டு முடிவுகளும் நல்லாத்தான் இருக்கு."

ராத்தா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரல்களுக்கிடையே ஒழுகியது. அர்பா எழும்பி வந்து உம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"இன்னொரு விசயம்" என்றார் டொக்டர். "பிள்ளைகளுக்கான பரிசோதனை தொடங்கப் போகுது. அர்பாவக் கூட்டிட்டு வர்றீங்களா?"

ராத்தா போன் பக்கம் குனிந்தாள். வீங்கின வாயால், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். "பிள்ளைகள்லயும்... பாதிப் பேருக்கு... சீனியா?"

"ஆமா ஹபீலா. கொஞ்ச காலத்துக்குப் பாதிப் பேருக்கு அப்படித்தான்."

தனக்கென்றபோது ஒரு நொடியும் யோசிக்காதவள், இப்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவளிடம் கேள்வியே இல்லை. "ஹலோ? ஹபீலா?" என்று டொக்டர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அர்பா அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். ராத்தா ஏதோ சொல்லப் பார்த்தாள், உதடு இடம் கொடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் போனைக் கையில் எடுத்தேன்.

"வாறம் டொக்டர்" என்றேன். "பிள்ளயோட வாறம்."