பூஜையிலிருந்து நான் எடுத்தெறிந்த நோட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழெட்டு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். எழுத உட்கார்ந்தாலே முகம் எரிகிறது.

சுசீந்திரம் பக்கம் வயல் வைத்துப் பிழைக்கிறவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவன். மகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தாள். ஆங்கிலக் கதைக்காரர்கள் புதிதாகக் கட்டிய வர்ணனைகளை ஒரு நோட்டில் எடுத்தெழுதி, ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது என்று விளக்க வேண்டும்; அதற்கு மார்க்கு உண்டு. சரஸ்வதி பூஜையன்று அந்த நோட்டையும் புத்தகங்களோடு பூஜையில் வைத்திருந்தாள்.

பூஜை வைத்ததை மறுநாள் வரை திறக்கக்கூடாது என்று வீட்டில் சட்டம் பேசுகிறவனே நான்தான். அன்று பூ வைக்கிற சாக்கில் நோட்டைப் புரட்டினேன். ஒரு வரியின் மேல், மொழிபெயர்த்துக் காட்டுகிற செல்போனைக் காட்டினேன். தமிழில் வந்தது: ‘கடவுள் கதவைச் சாத்தாமலே அந்த வீட்டை விட்டுப் போயிருந்தார்.’

“ஏட்டி, இதையா சாமி முன்னால வச்சிருக்கே?”

“அப்பா, அது சாமியச் சொன்னதில்லப்பா. வீட்டச் சொன்னது.”

பூஜைக்கு வந்திருந்த என் அக்கா சிரித்தாள். “இங்கிலீசு படிக்க விட்டா சாமியையே வீட்ட விட்டு எறக்கிருவாளுவ போலுக்கே!”

அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. நோட்டை முற்றத்து மழையில் எறிந்தேன். மகள் நனைந்துகொண்டே போய் எடுத்துவந்தாள்.

மறுநாள் ஃபேனுக்கடியில் தாள்கள் காய்ந்துகொண்டிருந்தன. அந்த வரிக்குக் கீழே அவள் எழுதிய விளக்கத்தில் கொஞ்சம் மை கரையாமல் இருந்தது. மறுபடி செல்போனைக் காட்டினேன். ‘அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் எங்கள் வீடு இப்படித்தான் இருந்தது. அப்பா விளக்கேற்றவில்லை. அப்பா சாமியை மறந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.’

உண்மைதான். அத்தனை நாளும் பூஜையறைப் பக்கமே நான் போகவில்லை. அதைக் கண்டும் என்னைக் குறை சொல்லாத பிள்ளை.

“மக்கா, அப்பாக்கு வெளங்கல...”

“முழுசும் வாசிச்சிருக்கலாம்லாப்பா.”

இரண்டு நாள் உட்கார்ந்து புது நோட்டில் எல்லாவற்றையும் திரும்ப எழுதினாள். அந்த ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். “வேண்டாம்ப்பா” என்றாள். பிறகு அவள் படிக்கும் கதை எதையும் என்னிடம் சொன்னதில்லை.

என் மனைவி சொந்தக்காரர்களிடம், “சன்னல் வழியா சாரலடிச்சு நோட்டு நனஞ்சு போச்சு” என்று சொல்லி என்னைக் காப்பாற்றிவருகிறாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன். இதை வாசிக்கிறவர்கள் யாரிடமாவது சொன்னால், தயவுசெய்து சாரல் என்று சொல்லாதீர்கள். படிக்காதவன், தெரியாமல் செய்துவிட்டான் என்றும் சேர்க்க வேண்டாம். தகப்பன் எறிந்தான் என்றே சொல்லுங்கள்.