துண்டு போட்ட இடம்

மெல்பர்னின் மேற்கு ஓரப் புறநகரில் வீடு, நகரத்துக்குள் வேலை. போன வாரம் சாயங்காலம் வீடு திரும்பும் ரயிலில் ஒரு காலி இருக்கையைப் பார்த்துக் கைக்குட்டையைப் போட்டேன். அந்த நேரம் திருத்தணியிலிருந்து நைனா கூப்பிட்டார். எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் அழைப்போம். வண்டி கிளம்ப நேரமிருந்ததால் பேசுவதற்காகப் பிளாட்ஃபாரத்தில் இறங்கினேன். ஒரு வெள்ளைக்கார அம்மாள் அந்தக் கைக்குட்டையை எடுத்து, மடித்து, கதவருகே வந்து என் கையில் கொடுத்தார். தவறவிட்டுவிட்டாயே என்றார். அது என் இடம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டார். நன்றி சொல்லிவிட்டு வழி நெடுக நின்றுகொண்டே வந்தேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இத்தனை வருடம் கழித்தும் பழக்கத்தை விடாத என் கையைத்தான் சொல்லவேண்டும்.

எங்கள் ரயிலில் அது சட்டம். நைனாவுக்கு அம்பத்தூரில் தொழிற்சாலை வேலை. திருத்தணியில் ஏறியதும், அரக்கோணத்தில் ஏறப்போகும் கூட்டாளிக்காக எதிர் இருக்கையில் துண்டைப் போடுவார். யாராவது உட்காரப் பார்த்தால், "ஆள் வராங்க" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் வண்டி அரக்கோணத்தை விட்டுக் கிளம்பியும் ஆள் ஏறவில்லை என்றால் துண்டை எடுத்துவிடவேண்டும், நிற்பவர் உட்காரலாம். அதுவும் சட்டம்தான். அம்பத்தூரிலேயே வாடகைக்குப் போயிருக்கலாம். அங்கே கிடைப்பது ஒற்றை அறை, இங்கே சொந்த வீடு என்று நைனா ரயிலைத் தேர்ந்தெடுத்தார். நான் எழுவதற்கு முன் போய்விடுவார், தூங்கியபின் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்ததுபோல இருக்கும்.

சென்னையோ மெல்பர்னோ, விஷயம் ஒன்றுதான். வேலைக்குப் பக்கத்தில் இருந்தால் வீடு சுருங்குகிறது, வீடு விரிந்தால் பயணம் நீள்கிறது. நாங்கள் வீடு வாங்க அலைந்தபோது நகரத்தை ஒட்டி இரண்டு அறை ஃபிளாட் ஒன்று இருந்தது. வேலை முடிந்து நடந்தே வந்துவிடலாம். என் மனைவி ரேவதிதான் கேட்டாள்: "மாமா வந்தா எங்க படுப்பாரு?" அம்மா போனபிறகு நைனா தனியாக இருக்கிறார். அவரை இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ளத்தான் வீடே. விஷயத்தைச் சொன்னதும் நைனா போனிலேயே மறுத்தார்.

"எனக்குன்னு ரூமு கீமு பாத்துகினு இருக்காத. கொழந்த முழிச்சிகினு இருக்க சொல்ல நீ வூட்டுக்குப் போவணும். அந்த மாதிரி வூடா பாரு. நான்தான் உன்ன ஞாயித்துக்கெழம மட்டும் பாத்தேன்."

நாங்கள் கேட்கவில்லை. தூரத்து வீட்டையே வாங்கினோம். கீழ்த்தளத்தில், படியேறத் தேவையில்லாத அறை அவருக்கு. விசா வந்தது. அப்படியே காலாவதியும் ஆனது. மழை நிற்கட்டும் என்றார், ஆடிக் கிருத்திகை முடியட்டும் என்றார், முட்டி வலி என்றார். இப்போதெல்லாம் "ஆங், பாக்கலாம்" என்பதோடு சரி. நான் வீடு சேரும்போது மகள் பாதி நாள் தூங்கிவிடுகிறாள். யாருக்காகத் தூரம் போனோமோ அவர் வரவில்லை, தூரம் மட்டும் வந்து சேர்ந்தது. இதை ரேவதியிடம் நான் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. திருத்தணியில் அடுத்த தெருவிலிருக்கும் அக்கா நைனாவைப் பார்க்கப் போனவள், வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். என் பழைய கட்டில்மேல் நைனாவின் துண்டு விரித்துக் கிடந்தது. "யாரையும் ஒக்கார வுட மாட்றாருடா. என் புள்ளயக்கூட எழுப்பிட்டாரு. தம்பி வந்துடுவான்னு சொல்லிகினு கீறாரு" என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மகள் தன் பொம்மைகளை அள்ளிக்கொண்டு கீழ் அறை வாசலில் நிற்கிறாள். இந்த ரூமை நான் எடுத்துக்கட்டுமா என்கிறாள். உள்ளே நைனாவுக்காக வாங்கிய கட்டில், அதன் தலைமாட்டில் ரேவதி மடித்துவைத்த புதுத் துண்டு.

"ஆள் வராங்கம்மா" என்றேன்.

நைனாவும் நானும் அரக்கோணத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். இருவருமே துண்டை எடுக்கவில்லை.