கயிற்றோடு திரும்பியவர்

அருப்புக்கோட்டை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் சந்தையில் மாட்டை விற்றுவிட்டு, எங்கள் பக்கத்து வழக்கப்படி கயிற்றை மட்டும் திருப்பிக் கொண்டுவந்தார். நரைத்த மீசை. விரல்கள் கயிற்றை ஓயாமல் நீவிக்கொண்டிருந்தன. இங்கிலீஷில் இரண்டு முறை தோற்றிருந்த நான், மூன்றாவது பரீட்சைக்காகப் புத்தகத்தை விரித்து, மரபுத்தொடர்களை அர்த்தத்தோடு வாய்விட்டு உருப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"கயித்தப் பத்தி அதுல எதுவும் இருக்கா தம்பி?"

"இருக்குய்யா. ஒருத்தன் கயித்து நுனிக்கு வந்துட்டான்னா, பொறுமை தீந்துபோச்சுன்னு அர்த்தம்."

"எனக்குத் தீந்தது வைக்கோலு. பொறுமை நெறையக் கெடக்கு. மாடு அதத் திங்க மாட்டேங்குதே!"

"அடிமாட்டு லாரிக்கா வித்தீக?"

"அவன் வெலை கூடத்தான் சொன்னான். பாலவநத்தத்துல வெள்ளாமை பாக்குற சம்சாரிக்குக் குடுத்துட்டேன். அவுக வீட்டுல வைக்கோல் போரு இருக்கு."

அதற்கு மேல் எனக்குப் படிப்பு ஓடவில்லை. அந்த முறையும் தோற்றேன். பழியை அவர்மேல் போட மட்டும் மனம் வரவில்லை.