நாலாவது பத்து

குருமடத்திலிருந்து நான் திரும்பி வந்தது எண்பதுகளின் நடுவில். அங்கே எனக்கு ஒட்டவில்லை, அவ்வளவுதான். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் அதற்கு ஒரு பட்டம் உண்டு: சாமியாருக்குப் படிக்கப் போய் ஓடி வந்தவன். நான் ஓடி வரவில்லை, பஸ்ஸில்தான் வந்தேன். என்னை அனுப்பியபோது ஒர்க்‌ஷாப் முழுக்க மிட்டாய் கொடுத்த அப்பா, வந்த அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எங்கள் வீட்டில் தினமும் ஏழு மணிக்கு ஜெபமாலை. பத்துப் பத்து மணிகளாக ஐந்து பங்கு. வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கொரு பத்து. ஒருவர் மந்திரத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைப் பதிலாகச் சொல்ல வேண்டும். சிறு வயதிலிருந்தே நாலாவது பத்து என்னுடையது. இப்போது அதையும் அப்பாவே சொல்லிக்கொண்டார். எட்டு மாதம். எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். சோறு போட்டார்கள், என் பத்தை மட்டும் கொடுக்கவில்லை.

துவாக்குடியில் இன்ஜினியரிங் படித்த பள்ளித் தோழன் ஒருவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் அறையில் கேசட் ஒன்றைப் போட்டான். அமெரிக்காவிலிருந்து அவன் சித்தப்பா கொண்டு வந்தது. தாளம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, ஒருவன் மூச்சு விடாமல் பேசினான்.

“என்னடா, பாடவே மாட்டேங்குறான்?”

“இது ராப்புடா. பேச்சுதான்.”

“என்ன சொல்றான்?”

“வீட்ல மதிக்கல, வேல கிடைக்கல, தெருவுல நின்னா போலீஸ்காரன் முறைக்கிறான். எனக்குன்னு ஒருத்தரும் இல்லங்கறான்.”

“அதுக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்?”

“மெதுவா சொன்னா யாருடா கேக்குறா?”

நியாயமாகத்தான் பட்டது. நானும் எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே தாளம் ஜெபமாலை முடிவில் சொல்லும் மன்றாட்டு மாலை. மாதாவின் பெயர்களை ஒருவர் அடுக்கிக்கொண்டே போக, வீடே சேர்ந்து பதில் சொல்லும். ஒரு சாயங்காலம் கொல்லையில் வாளியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு சொல்லிப் பார்த்தேன்.

“எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸின் நீண்ட வரிசையே!”

அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, காய்மேல் கண்ணாக, “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்,” என்றாள்.

அடக் கடவுளே என்றிருந்தது. ஆனாலும் துணைக்குக் கிடைத்த ஆளை விடுவானேன்?

“கோயில் வாசலில் என்னைக் கண்டு ஒதுங்கும் சனமே!”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

“எட்டு மாதமாய்ப் பேசாத என் அப்பாவே!”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

திரும்பினால் கதவருகே அப்பா, கையில் டிபன் கேரியரோடு. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியது என் காதில் விழவே இல்லை. “ஏன்டா நிறுத்திட்ட? அடுத்தத சொல்லு,” என்று உள்ளிருந்து அம்மா. வாளியை நிமிர்த்தி வைத்தேன். அப்பா அதிலேயே தண்ணீர் பிடித்துக் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

ஏழு மணிக்கு மெழுகுவத்தி ஏற்றினோம். மூன்று பத்து முடிந்தது. நாலாவதை அப்பா தொடங்கவில்லை. தங்கை என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். அப்பா மாதா படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “சொல்லு,” என்றார்.

குருமடத்தில் நூறு பேருக்கு முன்னால் கணீரென்று சொன்னவன் நான். இங்கே முதல் வார்த்தையையே இரண்டு தடவை தொடங்க வேண்டியிருந்தது. எப்படியோ முன்பாதியைச் சொல்லி முடித்தேன். மற்றவர்கள் வாயைத் திறக்குமுன் அப்பா பின்பாதியைச் சொன்னார். ஒவ்வொரு மணிக்கும் அப்படியே. எட்டு மாதத்துக்குப் பிறகு, நான் சொன்னதற்கு அப்பா பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தாவதோடு நிறுத்த மனம் வரவில்லை. பதினொன்றாவதும் சொன்னேன்.

அதற்கும் பதில் சொன்னார்.