நொண்டாத நாம்பன்

எங்கள் பக்கம் பாலைவனம் இல்லை என்பதை நானும் மச்சானும் ஒத்துக்கொள்ளவே இல்லை. கல்முனைக்குத் தெற்கே கடலோரமாக நடந்தால் மணல், மணலைத் தாண்டினால் இன்னும் மணல், நண்பகலில் பாதம் வைக்கவிடாத வெள்ளை மணல். இராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டைகள் காற்றில் உருண்டு உருண்டு போகும். பகல் காட்சியாக ஊருக்கு வந்த இங்கிலீசுப் படங்களிலும் இப்படி ஏதோ ஒரு பற்றை உருண்டபடியே இருந்தது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பத்தொன்பது வயது. மச்சான், மாமாவின் மகன், ஒரு வயது மூத்தவன். படத்தில் பேசுவது எங்கள் இருவருக்கும் ஒரு சொல்லும் விளங்காது. ஆகவே கௌபோய்க்கான சட்டங்களை நாங்களே இயற்றினோம். வாயில் நெருப்புக்குச்சி. கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லக் கூடாது. உம்மா கேட்டதற்கு அப்படிச் சும்மா நின்ற அன்று ஓர் அகப்பைக் காம்பு என் முதுகில் முறிந்தது.

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாமாவும் இன்னும் ஆறு பேரும் கூட்டாக இளங்காளையான ஒரு நாம்பன் மாட்டை, அறுத்துக் குர்பான் கொடுக்கப் பிடித்திருந்தார்கள். ஒரு மாட்டில் ஏழு பேர் சேரலாம். ஆனால் மாடு பழுதில்லாமல் இருக்க வேண்டும். கண் தெரிய வேண்டும், காது அறுந்திருக்கக் கூடாது, நொண்டக் கூடாது. பெருநாளன்றோ அடுத்த மூன்று நாட்களுக்குள்ளோ அறுத்துவிட வேண்டும். கடைசி நாள் பொழுது பட்டால் அவ்வளவுதான்.

மறுநாள் அறுப்பதாக ஏற்பாடு. பெருநாள் சோறு தின்று வீடே உறங்கிய நேரம், மாமாவின் வளவில் நாம்பன் அசைபோட்டுக்கொண்டு நின்றது. நாங்கள் சுருக்குக் கயிற்றோடு நின்றோம்.

"கட்டிக் கிடக்கிற மாட்டுக்குச் சுருக்கு எறியிறதா? வெக்கமில்லையாடா?" என்றான் மச்சான்.

அவிழ்த்தது நான்தான். எறிந்ததும் நான்தான். சுருக்கு மிக அழகாகச் சுழன்று போய் வேலிக் கதியாலில் விழுந்தது. நாம்பன் எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, திறந்திருந்த படலையால் விருந்துக்கு வந்தவர் விடைபெறுவதுபோல் வெளியே போனது.

மாமா கத்தவில்லை. அதுதான் பயம்.

"மாட்டக் கொண்டு வா மனே. ஒரு கீறல் இரிக்கப்படாது. நாலாம் நாள் பொழுது படுறதுக்குள்ள வரல்லயெண்டா ஏழு வீட்டு அமலும் உன்ட கழுத்திலதான்."

ஏழு வீட்டு அமல், ஏழு வீட்டாரும் தேட இருந்த நன்மை. அதைச் சுமந்துகொண்டு புறப்பட்டோம். குதிரைக்குப் பதில் மச்சானின் சைக்கிள். மணலில் அது ஓடாது. முதல் மைலிலேயே குதிரையை நாங்கள் தோளில் தூக்கிக்கொண்டோம். மச்சான் நிலத்தில் காதை வைத்துக் குளம்பொலி கேட்டான். கடல் கேட்டது. காதுக்குள் மணல் போனது. பிறகு சாணியில் விரலை விட்டுப் பார்த்தான்.

"இன்னும் சூடா இரிக்கிடா. கிட்டத்தான் போயிரிக்கான்."

"இந்த வெயிலுக்கு உன்ட தலையும்தான் சூடா இரிக்கி."

மூன்று நாளில் மூன்று தரம் நாம்பனைக் கண்டோம். பிடிக்கத்தான் வழியில்லை. கழுத்துக்கு எறிந்தால் காது அறுமோ என்று பயம், காலுக்கு எறிந்தால் நொண்டுமோ என்று பயம். படத்தில் கால் மடிந்து விழுகிற மாட்டுக்கு, அது குர்பானுக்குச் சேருமா என்று யாரும் பத்வா கேட்பதில்லை. ஆகவே மரியாதையாகத் துரத்தினோம். நான் பின்னால் ஓட, மச்சான் மாட்டுக்கு முன்னால் குறுக்கே பாய்ந்து பாய்ந்து, அதன் வழியில் கிடந்த முள்ளையும் உடைந்த போத்தல் ஓடுகளையும் பொறுக்கிக்கொண்டு ஓடினான். உலகத்தில் எந்த மாட்டுக்கும் இப்படி ஒரு வரவேற்பு நடந்திராது.

நாலாம் நாள் பின்னேரம், ஒலுவில் பக்கத்து மணலில், தென்னங்கிடுகு வேய்ந்த மீன்வாடிக் குடிசை ஒன்றின் முன்னால் அது கட்டப்பட்டு நின்றது. வாடிக்காரர் கழனித் தண்ணி வாளியை நீட்டியிருக்கிறார். அது குடித்திருக்கிறது. அவர் கட்டியிருக்கிறார். முடிந்தது கதை.

"உங்கட மாடா தம்பி? என்ட வாடிக் கிடுகில அரைவாசியத் திண்டுட்டு. நல்ல மாடு."

மச்சான் ஊருக்கு ஓடி, மாமாவையும் ஆறு பேரையும் பள்ளிவாசல் லெப்பையையும் கத்தியையும் உழவு மிஷினின் இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஊருக்குக் கொண்டுபோக நேரமில்லை. அங்கேயே அறுப்பதென்று முடிவு. பொழுது பட இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

லெப்பை மாட்டைச் சுற்றி வந்தார். கண் சரி. காது சரி. அப்போது நாம்பன் ஓர் அடி வைத்தது. பின்னங்காலைக் கொஞ்சம் தூக்கி வைத்ததுபோல் இருந்தது.

"நொண்டுதா?" என்றார் ஒரு கூட்டாளி.

"மணல் சுடுது கா," என்றார் மாமா.

"நமக்கும்தான் சுடுது. நாம நொண்டுறமா?"

எல்லோரும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள். மாமா மட்டும் கொஞ்சம் நொண்டிக்கொண்டுதான் நின்றார்.

"வெளிப்படையா நொண்டினா குர்பானுக்குச் சேராது," என்றார் லெப்பை. "நடத்திப் பாருங்க."

கயிற்றைப் பிடித்து நடத்தினோம். நாம்பன் நாலு காலையும் மணலில் ஊன்றிக்கொண்டது.

"இழுத்தா எந்த மாடும் ஒழுங்கா நடக்காது. அவிழ்த்து விடுங்க, பாப்பம்."

"வேணாம் மாமா. ஓடிரும்," என்றேன் நான்.

"நீ கதைக்காத. அவிழ்த்து உடுறதில நீ கெட்டிக்காரன்தானே? அவிழு."

அவிழ்த்தேன்.

அந்த ஓட்டத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை. நாலு காலும் ஒரே தாளம். மணல் புகையாய் எழும்ப, சாய்வெயில் முதுகில் வழிய, ஈரக் கரையோரமாக ஒரு பிசகும் இல்லாமல் அது பறந்தது.

"பாருங்க! எங்க நொண்டுது? அல்ஹம்துலில்லாஹ்!" மாமா கை தட்டினார். ஆறு பேரும் முகம் மலர்ந்தார்கள். லெப்பை தாடியைத் தடவினார்.

"குறையே இல்ல. சேரும்," என்றார்.

அந்நேரம் நாம்பன் ஆட்டளவாகி, கோழியளவாகி, ஒரு புள்ளியாகியிருந்தது. அதன் பிறகுதான் எட்டுப் பேரும் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினார்கள். லெப்பை கத்தியோடு ஓடினார். கொஞ்ச நேரத்தில் ஒலுவில் பள்ளியிலிருந்து அந்தித் தொழுகைக்கான மஃரிபு பாங்கு கேட்டது. எல்லோரும் அங்கங்கே நின்றுவிட்டார்கள்.

"நேரம் போச்சு," என்றார் லெப்பை மூச்சிரைக்க. "இனி அறுத்தா இறைச்சி. குர்பான் இல்ல."

வாடிக்காரர் வாளியோடு வந்து எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"பிடிச்சித்தானே தந்தன். பிறகு என்னத்துக்கு அவிழ்த்தீங்க?"



விடிந்ததும் மிச்சக் கிடுகைத் தின்ன நாம்பன் தானாகவே வாடிக்கு வந்ததாம். அடுத்த ஹஜ்ஜுக்கே அறுப்பதென்று ஏழு பேரும் பேசி முடித்தார்கள். அதுவரை யார் வளர்ப்பது? கிழமையில் ஏழு நாள். ஆளுக்கு ஒரு நாள். தினமும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்கு மாட்டைக் கொண்டுபோகிற வேலை எனக்கு.

வெள்ளிக்கிழமை மாமாவின் முறை. அவர் கதிரையை முற்றத்தில் போட்டு உட்கார்ந்து, ஜும்ஆவுக்குப் போகுமுன் நாலு காலையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நான் மாட்டை முன்னும் பின்னும் நடத்திக் காட்டுவேன்.

"ஓம், நொண்டல் இல்ல," என்பார் கடைசியில். "கயித்த மட்டும் விட்டுராத மனே."