ரெண்டு கரைக்கும் ஒரே துணி

எங்கள் சர்ச் சபைப் பெண்கள் சங்கத்தில் நெய்யாற்றைத் துணியில் தைப்பது என்று முடிவானபோது, வரைந்து கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. பாறசாலைப் பக்கம் சின்னதாய் ஒரு தையல்கடை வைத்திருக்கிறேன். பாலராமபுரத்தில் எட்டு முழம் கைத்தறித் துணி வாங்கி, நீலச் சாக்பீஸால் ஆற்றை வரைந்தேன். கடல் இடதுபக்கம். எங்கள் கடவுப் படித்துறையில் ஆற்றைப் பார்த்து நின்றால் கடல் அந்தப் பக்கம்தான். அவரவர் நினைவில் இருப்பதை அவரவர் தைக்க வேண்டும். துவைக்கிற கல், பாலம் வருமுன் வள்ளம் நின்ற இடம், வெள்ளத்தில் போன தென்னை, எதுவானாலும்.

அக்கரையிலிருந்து ஒரு டீச்சரும் வந்தார். பழைய சைவக் குடும்பம், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பல வருஷமாக என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவர் என்பதால் நான்தான் கூப்பிட்டிருந்தேன். துணியைப் பார்த்ததும் சொன்னார்:

"மக்கா, ஆறு திரும்பிப் போவுதே. கடல் வலதுபக்கமாக்கும்."

"டீச்சருக்கு எடதும் வலதும் மறந்துபோச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் நூலைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த இரண்டு சனிக்கிழமைத் தையலுக்கும் வரவில்லை.

மூன்றாவது வாரம் மனசு கேட்காமல் ஸ்கூட்டரில் பாலத்தைத் தாண்டிப் போனேன். அவர் கோபப்படவில்லை. "வா, காட்டுதேன்" என்று தன் வீட்டுக் கடவுக்குக் கூட்டிப்போனார். ஆற்றைப் பார்த்து நின்றேன். தண்ணீர் வலதுபக்கம் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் எங்கள் வீட்டு ஓடு, கொல்லையில் காயும் என் நைட்டி. நாற்பத்தெட்டு வயதில் அன்றைக்குத்தான் என் வீட்டை அங்கிருந்து பார்க்கிறேன்.

"நான் சொன்னது தப்பு டீச்சரே. வாங்க."

"வாறேன். எங்களுக்கும் ஒரு கரை வரஞ்சு தா."

அக்கரை என்று நான் துணியின் மேல்விளிம்பில் நாலு மரம்தான் போட்டிருந்தேன். அந்தத் தையலைப் பிரித்தோம். துணியைத் திருப்பி வைத்து, அவர்கள் பக்கமிருந்து பார்க்கிற மாதிரி அந்தக் கரையை வரைந்தேன். நீள மேஜையில் அவர்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்து தைத்தோம். அக்கரையிலிருந்து இன்னும் நாலு பேர் வந்து சேர்ந்தார்கள்.

டீச்சர் தைத்தது தன் வீட்டு முன்வாசல் கதவை. நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு பெருவெள்ளத்தில் எங்கள் ஆட்கள் வள்ளத்தில் போய் அந்த வீட்டில்தான் ஏறினார்கள். அதுவரை அந்த வாசலை மிதிக்க எங்கள் சாதியை விட்டதில்லை. அம்மை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"கதவு தொறந்தே இருக்கட்டும் டீச்சரே" என்றேன்.

"தொறந்தது உண்டு. வெள்ளம் வடிஞ்சதும் அப்பா அடச்சதும் உண்டு. நான் பாத்துட்டு நின்னேன்."

இரட்டைக் கதவில் ஒன்றைத் திறந்தும் ஒன்றை அடைத்தும் தைத்தார். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன்.

துணியைச் சுவரில் மாட்ட முடியாது, ஒரு கரை தலைகீழாகிவிடும். அதனால் சபை ஹாலில் மேஜைமேல் விரித்திருக்கிறோம். வருகிறவர்கள் சுற்றி நடந்து பார்க்கிறார்கள், தங்கள் வீட்டைத் தேடுகிறார்கள். சனிக்கிழமை தவறாமல் நாங்கள் இன்னும் கூடுகிறோம். போன வாரம் டீச்சர் அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் கொண்டுவந்தார். காரத்தில் எல்லோருக்கும் கண் கலங்கியது. பாத்திரம் காலியாகிற வரைக்கும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.