ஆயுத பூஜையன்று சொருகிய கேபிள்

சில வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆயுத பூஜையன்று நடந்தது இது. மலேசியாவில் கோலா சாவா பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனை எண்ணெய் ஆலை. அதன் வாசலிலேயே எடைமேடை. பழக்குலை ஏற்றி வரும் லோரிகளை நிறுத்தி, எடை பார்த்து உள்ளே அனுப்புவது என் வேலை. என் வீட்டுக்காரர் அதே ஆலையில் ஃபிட்டர். ஆலைக்குப் பின்னால் கம்பெனி கொடுத்த வீட்டில் பிள்ளைகளோடு குடியிருந்தோம். வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. அடுத்தவர் வீட்டுக்குப் போனால்கூட, சுவரில் கோணலாக மாட்டியிருக்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். எனக்கு மானம் போகும். அந்த வருட ஆரம்பத்தில் இந்தக் குணத்தால்தான் ஆலையிலும் மாட்டிக்கொண்டார். யாரோ வேண்டுமென்றே திறந்து வைத்திருந்த வால்வை, மறந்து விட்டார்கள் என்று நினைத்து மூடிவிட்டார். ஒரு பம்ப் எரிந்து போனது. மேனேஜர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஆலை சங்கு ஊதினால்கூட எனக்குத் திக்கென்றிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஆலைக்குப் புதிதாக நெட்வொர்க் போட நீலாயிலிருந்து ஒரு தம்பி வந்தார். ஒல்லியான ஆள். தனியாக வருவார், தனியாகவே வேலை செய்வார். பாய்லர், பழம் பிழியும் பிரெஸ், கட்டுப்பாட்டு அறை, என்னுடைய எடை அறை என்று நான்கு இடங்களில் சுவரில் பெட்டி வைத்து, உள்ளே சுவிட்ச் பொருத்தினார். விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை, கம்ப்யூட்டர் கேபிள்கள் எல்லாம் வந்து சேருகிற சாதனம். நான்கையும் வட்டமாக இணைக்கப் போவதாகச் சொன்னார்.

"எதுக்குத் தம்பி வட்டம்? நேரா இழுத்துட்டுப் போனா பத்தாதா?" என்று கேட்டேன்.

"ஒரு பக்கம் கேபிள் அறுந்துச்சுன்னா, தகவல் மறுபக்கமா சுத்தி வந்துரும்க்கா. தோட்டத்துக்கு ரெண்டு ரோடு இருக்கிற மாதிரி லா. ஒண்ணுல மரம் விழுந்தா இன்னொண்ணுல வரலாம்ல?" என்றார்.

பூஜைக்கு முதல் நாள் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. பிரெஸ் பக்கத்துச் சுவிட்ச்சில் மட்டும் செட்டிங் பாக்கி. அங்கே பூஜைக்காக மின்சாரத்தை நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்ததால், பிறகு வருகிறேன் என்று கிளம்பினார். போகும்போது என் அறைப் பெட்டிக்குள் ஒரு கேபிளைச் சொருகாமல், சிவப்பு டேப் ஒட்டித் தொங்க விட்டிருந்தார். அதைப் பற்றி இஞ்சினியரிடம் சொல்லியிருக்கிறார். இஞ்சினியர் அன்று மாலையே விடுமுறையில் போய்விட்டார். எங்கள் யார் காதுக்கும் அந்த விஷயம் வரவில்லை.

தோட்டத்து ஆலைகளில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்பேனர் முதல் பாய்லர் வரை எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சிவப்பும் மஞ்சளுமாகக் கலர் பேப்பர் ஒட்டிவிடுவார்கள். எங்கள் மலாய்க்கார நண்பர்களும் சுண்டலுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார்கள். நான் வெளியே லோரிகளுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தேன். சந்தனக் கிண்ணத்தோடு அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தது என் வீட்டுக்காரர்தான்.

பூசணிக்காய் உடைத்து, மின்சாரம் போட்டு, ஆலையை ஓட்டத் தொடங்கினார்கள். பாய்லரில் நீராவி ஏறிய பிறகு பிரெஸ் பக்கமும் மின்சாரம் வந்தது. அவ்வளவுதான். என் திரையில் எடை நகரவில்லை. லோரி மேடையை விட்டு இறங்கிய பிறகும் அதே எண் நிற்கிறது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வாக்கி டாக்கியில் ஒரே கத்தல். பாய்லர் அழுத்தம் எவ்வளவு என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பாய்லர்காரர் பயந்துபோய் மீட்டர் முன்னாலேயே நின்று கண்ணால் பார்த்துப் பார்த்து நெருப்பைக் குறைத்தார். ஆலை நின்றது. நல்ல காய்ப்புக் காலம் வேறு, லோரிகள் வாசலைத் தாண்டிப் பெரிய ரோடு வரைக்கும் வரிசையாக நின்றுவிட்டன.

அந்தத் தம்பி நீலாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் என் அறைக்குள் நுழைந்து பெட்டியைத் திறந்தார். உதவிக்கு என் வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

தொங்க விட்டிருந்த கேபிள் சுவிட்ச்சில் ஒழுங்காகச் சொருகப்பட்டிருந்தது. அதன் முனையில் ஈரம் முழுதும் காயாத சந்தனம், நடுவில் குங்குமம். ஒரு விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

என் வீட்டுக்காரர் டார்ச்சைத் தாழ்த்தினார்.

"நான்தான் தம்பி... தொடைக்கும்போது பார்த்தேன், தொங்கிக்கிட்டு இருந்துச்சு. பூஜையும் அதுவுமா இப்படித் தொங்குதேன்னு மாட்டிட்டேன். அந்தச் சிவப்பு டேப்பு பசங்க அலங்காரத்துக்கு ஒட்டுனதுன்னு நெனச்சிட்டேன் லா."

அந்தத் தம்பி கோபப்படவே இல்லை. கேபிளை உருவினார். கொஞ்ச நேரத்தில் திரையில் எண்கள் அசைய ஆரம்பித்தன. நாலு சுவிட்ச்சிலும் செட்டிங் முடிவதற்குள் வட்டத்தை மூடிவிட்டால், ஒரே தகவல் நிற்காமல் சுற்றிச் சுற்றிப் பெருகி எல்லா வழியையும் அடைத்துவிடுமாம். அப்போதுதான் எங்களுக்கே சொன்னார். பிறகு, "இதனால உங்க வேலைக்கு எதும் வருமாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார்.

இவர் எச்சரிக்கைக் கடிதம் வாங்கிய கதையை நான்தான் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அந்தத் தம்பி தன் சட்டை நுனியால் சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்தார்.

மேனேஜர் உள்ளே வந்தார். யார் செய்தது என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், "என் தப்புதான் சார். வேலையைச் சரியா முடிக்காமப் போயிட்டேன்" என்று அந்தத் தம்பி சொல்லிவிட்டார். மேனேஜர் குதித்த குதியை எழுத வேண்டாம். சாமான்களை எடுத்துக்கொண்டு இப்போதே போ, இனிமேல் இந்தப் பக்கம் வராதே, வேறு கம்பெனியை வைத்துக்கொள்கிறேன் என்று துரத்தினார். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கப் போனார். அந்தத் தம்பி வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். நாங்கள் பேசாமல் நின்றுவிட்டோம்.

மோட்டாரில் ஏறும்போது, "கவலைப்படாதீங்கண்ணே, எனக்கு வேற சைட் இருக்கு. உங்களுக்கு வீடே இதுதானே" என்றார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் பூஜைச் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. மறுநாள் காலை என் வீட்டுக்காரர் என்னிடம்கூடச் சொல்லாமல் மேனேஜர் அறைக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டார். மேனேஜர், "கான்ட்ராக்டர் தப்புன்னு நேத்தே ஹெட் ஆபீசுக்குச் சொல்லியாச்சு. இன்னைக்கு மாத்திச் சொன்னா நான்தான் முட்டாள். போய் வேலையப் பாரு, வெளிய பேசாத" என்றாராம். வேலை தப்பியது. அவர் வந்து சொன்னதும் என் மனதில் முதலில் வந்தது நிம்மதிதான். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

அந்தத் தம்பிக்கு எத்தனையோ முறை போன் செய்தோம். மணி அடிக்கும், எடுக்க மாட்டார். பிறகு அந்த எண்ணே இல்லாமல் போனது. புதிதாக வந்த கம்பெனிக்காரருக்கு அங்கே பெரிய வேலை ஒன்றும் இருக்கவில்லை. பிரெஸ் சுவிட்ச்சில் பாக்கி இருந்த செட்டிங்கைப் போட்டு, தொங்கிய கேபிளைச் சொருகி வட்டத்தை மூடிவிட்டு, "மத்ததெல்லாம் யாரு செஞ்சது? சுத்தமான வேலை லா" என்று கேட்டார்.

சில மாதங்கள் கழித்து, கால்வாய் தோண்ட வந்த மண்வாரி இயந்திரம் பாய்லர் பக்கத்துக் கேபிளை அறுத்துவிட்டது. ஆலை நிற்கவில்லை. என் திரையில் ஓர் எண்கூடத் தடுமாறவில்லை. ரிப்பேருக்கு ஆள் வந்த பிறகுதான் கேபிள் அறுந்ததே எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நாங்கள் இருவரும் மோட்டாரில் நீலாய்க்குப் போனோம். ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே அறை எடுத்திருப்பதாக அந்தத் தம்பி முன்பு சொன்ன ஞாபகம். தேடிப் பிடித்து அந்தக் கடை முதலாளியிடம் விசாரித்தோம். இராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் பெரியவர்.

"அந்தத் தம்பியா? காலி பண்ணிட்டுப் போயிட்டாப்லயே. பெரிய கம்பெனி வேலைய விட்டுட்டுச் சொந்தமா ஆரம்பிச்சாரு. மொதோ வேலையே ஏதோ எண்ணெய் மில்லுல. அதுல பேரு கெட்டுப்போச்சு, அப்புறம் யாரும் கூப்பிடல. சிங்கப்பூருல வேலை தேடப் போறேன்னாரு."

"வேற சைட் இருக்குன்னு எங்ககிட்ட சொன்னாரே..." என்றார் என் வீட்டுக்காரர்.

"வேற சைட்டு எங்கேம்மா இருந்துச்சு?" என்று பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

திரும்பி வரும் வழியில், பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு என் வீட்டுக்காரர் முதுகு செனாவாங் வரை குலுங்குவது தெரிந்தது.

இன்று நாங்கள் அந்த ஆலையில் இல்லை, சொந்த வீடு வாங்கி வந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் மறுநாளே போய் உண்மையைச் சொன்னார் என்பது எங்களுக்கும் அந்த மேனேஜருக்கும் மட்டும்தான் தெரியும். எங்களுக்காகத் தன் பிழைப்பை விட்டுக்கொடுத்த மனிதர் மனதில், கடைசிவரை வாயைத் திறக்காமல் நின்ற இரண்டு பேராகத்தான் நாங்கள் இன்னும் இருப்போம்.